குடுன்னா தூள்தானே

— மொதல்ல அந்தப் பேச்ச நிப்பாட்டு, குணமணி. நான் ஒத்துக்க மாட்டேன். இத்தன நாள் கழிச்சு வந்துருக்க, கம்பி வலைக்குக் கிட்ட வா. மொகத்த ஒழுங்காப் பாக்குறேன்.

— கிட்டதாங்க நிக்கிறேன்.

— எளச்சுட்டியே புள்ள. கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு. சாப்புடுறியா இல்லியா?

— அத விடுங்க. லோயர் சொன்னத ஒருவாட்டி காதுல வாங்கிக்கங்க. நாளைக்கு கோட்டுல கூப்புட்டுக் கேக்குறப்ப, ஆமான்னு ஒரே ஒரு வார்த்த சொன்னாப் போதுமாம். கொஞ்சந்தானே, சொந்தப் பாவனைக்குத்தான் வச்சிருந்தாருன்னு பேசி, தண்டத்தோட முடிச்சு, அந்தியிலயே வெளிய எடுத்துருவாராம். இல்லாட்டி கொழும்புல இருந்து தூளச் சோதிச்ச ரிப்போட்டு வரணும். இந்த மழைக்குப் பொறகு அது எப்ப வருமோ, அவருக்கே தெரியாதாம்.

— வரட்டும். எப்ப வந்தாலும் அதுல என்னா இருக்கப் போவுது? எறா ஓட்டுத் தூளுன்னுதானே இருக்கப் போவுது. அதுக்கு நான் எதுக்கு போதைத் தூள் வித்தவன் மாதிரி தலயக் குனியணும்? ஏன் புள்ள, உனக்குக் கூடவா வெளங்கல?

— வெளங்குதுங்க.

— வெளங்குனா சரி. பின்னால நிக்கிறது யாரு? டீச்சரா?

— ஓம் வீரய்யா, நான்தான், சந்திரகாந்தி. மழைக்கு ஆக்களை உள்ள விடாமல் வச்சிருந்தவை. இண்டைக்குத்தான் திறந்து விட்டவை. நானும் குணமணியோட வருவம் எண்டு வந்தனான்.

— நீங்க வந்தது பெரிய காரியம் டீச்சர். டவுன் ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறவங்க ஜெயில் வாசல்ல கியூவுல நிக்கிறதுன்னா லேசா? பாத்தியா குணமணி, நம்ம பக்கம் ஞாயம் இருக்குறதாலதானே இவங்க வாறாங்க. ஆமா, மழை நம்ம பக்கம் எப்புடி? உள்ள டீவியில அங்க சரிவு இங்க சரிவுன்னு காட்டுறான். எல்லாம் சிங்களத்துல. ஊர் பேரு ஒண்ணும் புடிபடல.

— ரோட்டுல மண்ணு விழுந்து பஸ்ஸு ஓடலங்க.

— அது எல்லா வருஷமும் உள்ளதுதானே. சிவரூபி எப்புடி இருக்கா? பூனாகலையிலயும் நல்ல மழைன்னானுங்க.

— நல்லா இருக்கா. மருமகனும் நல்லா இருக்காரு. உங்க தல மேல சத்தியமா நல்லா இருக்காங்க.

— சத்தியம் எதுக்கு? நான் நம்பலன்னா சொன்னேன்? மகள நல்லா இருக்கான்னு சொல்றதுக்குக் கூட சத்தியம் பண்ண வேண்டிய காலமாயிருச்சு. அது என்னா, பாணும் வாழப்பழமுமா கொண்டாந்துருக்க? ரொட்டி சுடலயா?

— அடுப்பு நனஞ்சு போச்சுங்க.

— சரி சரி, பாணும் தின்னுற சாமாந்தான். சீல நல்லா இருக்கே. புதுசா?

— டீச்சர் குடுத்தாங்க.

— குடுத்தாங்களா? மெதுவாச் சொல்லு. அந்த வார்த்தய கேட்டா இங்க வாசல்ல நிக்கிறவரு திரும்பிப் பாப்பாரு. சிரிக்காதீங்க டீச்சர், நெசமாத்தான். நம்ம பாஷயில குடுன்னா தான்னு அர்த்தம். அவங்க பாஷயில குடுன்னா தூள்னு அர்த்தம். பொலிசுக்கு குடுன்னா ஜெயிலு. மூணு அர்த்தத்தையும் ஒரே நாள்ல படிச்சவன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான். உள்ள இருக்குற பயலுக தெனம் அந்தக் கதயச் சொல்லச் சொல்லி கேக்குறானுங்க.

— எனக்கு நீங்கள் அதை முழுசாச் சொன்னதே இல்லை, வீரய்யா. லோயர் சொல்லித்தான் தெரியும். இப்ப சொல்லுங்கோ.

— டீச்சர், நேரம் ஓடுது.

— சொல்லட்டும் குணமணி. கொஞ்சம் கதைக்கட்டும்.

— கதைக்கிறதுக்கு என்னா இருக்கு? எறா ஓட்ட நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் செஞ்சு முடிச்சுத்தானே காய வச்சிருந்தேன். செதிலு செதிலா, வெள்ளையா, காஞ்ச வெங்காயத் தோல் மாதிரி இருந்துச்சு. அத அரைக்கணும்ல? எங்க லயத்து வரிச வீட்டுல அமராவதி அக்கா உரல்ல குத்தப் போனா, என் உரல்ல நாளைக்கு மாவு இடிக்கணும், மீன் கவிச்சியக் கொண்டாராதன்னு வெரட்டிருச்சு. சரின்னு பசறையில ஜாபிர் நானா மில்லுக்குக் கொண்டு போனேன். அவரு நல்ல மனுசன். கடைய மூடுற நேரத்துல வா, அரைச்சுத் தாறேன்னாரு. அடுத்த நாள் அந்த மில்லுல அரைச்ச மொளகாத் தூளுல எறா வாசம் வருதுன்னு சனம் தேடி வந்து வாங்குச்சாம். அவரு என்னைய அடுத்த வாரமும் வரச் சொன்னாரு.

— அப்ப அடுத்த வாரம் போய்த் திரும்பி வரேக்கயோ பிடிச்சவை?

— பசறையில இருந்து பஸ் ஏறி, தோட்டத்துச் சந்திக்கு வாறதுக்கு முன்னாலயே மறிச்சுட்டானுங்க. மடியில ரெண்டு பையி. வெள்ளத் தூளு. பஸ்ஸுல ஏறுன பொலிஸ்காரன் சின்ன வயசுப் பையன்தான். மொக்கத மேன்னு கேட்டான். இது என்னான்னு கேக்குறான், அவ்வளவுதானே. நானும் சந்தோசமாத்தான் சொன்னேன். கேட்டுக்கங்க டீச்சர், நம்ம வேலையப் பத்தி ஒருத்தன் கேக்குறானேன்னு சந்தோசம். எறாவுக்கு சிங்களத்துல இஸ்ஸோ. தூளுக்கு குடு. மொளகாத் தூள மிரிஸ் குடுன்னுதானே கடையில கேக்குறோம்? மஞ்சத் தூள கஹ குடுங்குறோம். அதனால நானும், மே குடு சேர், ஹொந்த குடு, அப்பே கெதர ஹதனவான்னு சொன்னேன்.

— ஐயோ வீரய்யா. இது குடு, நல்ல குடு, எங்கட வீட்டிலதான் செய்யிறம் எண்டோ சொன்னனீங்கள்?

— அதத்தான் சொன்னேன். இஸ்ஸோங்குற வார்த்த வாய்க்குள்ளயே நின்னுருச்சு. அதுக்குள்ள பஸ்ஸுல இருந்தவன் பூரா எந்திரிச்சுட்டான். அந்தப் பையன் மொகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க, லொத்தர் விழுந்தவன் மாதிரி. மோந்து பாரு, கவிச்சி அடிக்கும்னு தமிழ்ல கத்துறேன். யாருக்கு வெளங்கும்? மோந்து பாத்தான். எறா வாசத்துல ஒளிச்சுக் கொண்டு போறான்னு இன்னும் நல்லதா எழுதிட்டான்.

— அத விடுங்க. நடந்தது நடந்து போச்சு.

— எப்புடி விடுறது? உள்ள கெடக்குறது நான். சரி, சிரிச்சோம், போதும். குணமணி, இப்ப சொல்லு. பீலி எப்புடி இருக்கு?

— பீலியா?

— லயமே தண்ணி புடிக்கிற பீலிதான். உள்ள எனக்கு வேற என்னா கவல? தண்ணி வருதா?

— தண்ணி வருதுங்க. நெறய வருது.

— ஒயிலு மெதக்குதா? வானவில்லு மாதிரி மினுமினுன்னு வருமே, அது தெரியுதா?

— ஒயிலு தெரியலங்க. கலங்கலா வருது.

— மழைக்குக் கலங்காம இருக்குமா? ஒயிலு தெரியலன்னா சரி. டீச்சர், கேட்டீங்களா? நான் உள்ள வாறதுக்கு முன்னால கட்டி வச்ச வேலை இன்னும் நிக்குது. நீங்க மொத நாள் பாட்டில்ல காட்டுனீங்களே, எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

— எனக்கும்தான். உங்கட லயத்துக்கு என்ர பிள்ளையளைத் தண்ணி எடுக்கக் கூட்டிக்கொண்டு வந்த நாள் அது. மேல இருக்கிற கராஜில இருந்து பழைய ஒயிலெல்லாம் தண்ணி ஓடுற கானுக்குள்ள விட்டு, அது கசிஞ்சு உங்கட பீலிக்கு வருது எண்டு பார்த்த உடனே தெரிஞ்சது. றால் கோதும் நண்டுக் கோதும் இருந்தால் இதுக்கு ஒரு வழி செய்யலாம் எண்டு நான் பிள்ளையளுக்குச் சொல்ல, பின்னால நிண்ட நீங்கள்தான் கேட்டனீங்கள், கோது எண்டால் என்ன எண்டு.

— ஆமா, நாங்க ஓடுன்னு சொல்றத நீங்க கோதுன்னா எப்புடி வெளங்கும்? ஓடுன்னு தெரிஞ்சதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எல்ல டவுனுல வெள்ளக்காரனுங்க சாப்புடுற ஹோட்டல்ல தட்டு கழுவுறவன் நான். தெனம் சாக்கு சாக்கா கொண்டு போயி குழியில கொட்டுறது அதத்தானே. அத விட்டுட்டு நான் தொரைக்கு எழுதிக் குடு, தலைவருகிட்ட சொல்லு, ஆபீசுக்குப் போன்னு அலஞ்சுருக்கேன்.

— பஸ்ஸில உங்களை ஏத்தமாட்டன் எண்டவை எல்லே?

— நாறுதுன்னு கண்டக்டரு எறக்கி விட்டுருவான். நமுனுகுல மலைக்குக் கீழ சாக்கத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்து வந்துருக்கேன். வீட்டுக்கு வந்தா இவ சண்ட போடுவா. கூரைத் தகரத்துல காயப் போட்டா காக்கா ஒரு ஊரு வந்துரும். அப்பறம் அசிட்டுத் தண்ணியில போட்டா சோடா மாதிரி பொங்கும். பொங்கி அடங்குனதும் கழுவி, கோஸ்டிக் சோடாவுல அவிக்கணும். அதுல கை தோலு உரிஞ்சு, இவ தேங்கா எண்ணெ தடவி விட்டா. மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் தடவுனா. ஆனா தடவுனா.

— நாத்தம் தாங்க முடியாதுங்க அப்ப.

— இப்ப வீட்டுல அந்த நாத்தம் இல்லாம நிம்மதியா இருப்ப.

— இல்லங்க. அந்த நாத்தம் இருந்தாப் பரவால்லன்னு இருக்கு.

— பாத்தீங்களா டீச்சர், இவளுக்குப் பேசத் தெரியும். எங்கிட்டதான் பேச மாட்டா. ஆனா சொல்லணும், மொத மொத அந்தத் தூள வினாகிரியில கரச்சு பீப்பாயில ஊத்துனப்ப இவதான் பக்கத்துல நின்னா. ஒயிலுத் தண்ணி பால் தெரயிற மாதிரி திரிதிரியா தெரஞ்சு, அப்புடியே ஒண்ணு சேந்து மேல வந்துச்சு. துணியில வடிச்சா கீழ நல்ல தண்ணி. கறுப்புக் கட்டி துணியில நிக்குது. அது எப்புடி டீச்சர் புடிக்குது? நீங்க எத்தனயோ வாட்டி சொல்லிட்டீங்க.

— எண்ணெய்த் துளியில இருக்கிறது மறை ஏற்றம். இந்தத் தூளில இருக்கிறது நேர் ஏற்றம். ஒண்டையொண்டு இழுத்துப் பிடிச்சுக்கொண்டு கட்டியாகுது. விளங்குதோ?

— இப்பவும் வெளங்கல. ஆனா நடந்துச்சு. அது போதும் எனக்கு. குணமணி, கீர்த்திகன் காலு ஆறிருச்சா? அமராவதி அக்கா பேரனுக்கு அந்தத் தண்ணியில குளிச்சுக் குளிச்சு மொழங்காலுக்குக் கீழ புண்ணா இருந்துச்சே.

— ஆறிருச்சுங்க. நீங்க உள்ள வந்த அந்த மாசமே ஆறிருச்சு.

— பள்ளிக்கூடம் போறானா?

— இப்ப பள்ளிக்கூடம் இல்லங்க.

— மழை லீவா? நல்லா ஆட்டம் போடுவான். அமராவதி அக்கா என்னா சொல்லுது? அதுதானே நான் புடிபட்டதும் மொதல்ல ஒப்பாரி வச்சுச்சு, என் பேரனுக்கு என்னாத்தக் குடுத்தியோ பாவின்னு.

— அக்கா ஒண்ணும் சொல்லலங்க.

— நம்ம தலைவரு செல்வநாயகம்?

— அவரும் ஒண்ணும் சொல்லல. இப்ப யாரும் ஒண்ணும் சொல்றதில்லங்க.

— அடங்கிட்டாங்களா? ஆச்சரியமா இருக்கே. லயத்துல ஒரு கோழி காணாம போனாலே மூணு நாளு பேசுவாங்க. டீச்சர் ஏன் அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க?

— தடிமன் வீரய்யா. மழைக்கு நனைஞ்சிட்டன்.

— பாத்துக்கங்க டீச்சர். குணமணி, அப்ப சனம் திரும்ப நம்ம பீப்பாத் தண்ணிய எடுக்குதா?

— இல்லங்க.

— ஏன்?

— பீலிக்கு யாரும் வாறதில்ல.

— யாருமேவா?

— யாருமே இல்லங்க.

— பீப்பா ரெண்டும் இருக்குல்ல?

— காணோம்.

— காணோம்னா? கல்லு வச்சு அண்டக் குடுத்து, கம்பியால கட்டுன பீப்பா. அது எங்க போவும்?

— தெரியாதுங்க. அத விடுங்க, உங்க கால்ல விழுறேன். நாளைக்கு என்னா சொல்லப் போறீங்க, அத மட்டும் சொல்லுங்க.

— இப்பத்தான் எனக்கு எல்லாம் வெளங்குது. ஒண்ணும் சொல்றதில்லன்னா அடங்கிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. முடிவு பண்ணிட்டாங்கன்னு அர்த்தம். பீப்பாயத் தூக்கி எறிஞ்சுட்டாங்க, தண்ணிய ஒதுக்கிட்டாங்க, உன்னயும் ஒதுக்கி வச்சிருக்காங்க. அதானே? அதனாலதான் வீட்டுல அடுப்பு மூட்டாம டீச்சர் சீலயக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிற.

— அப்புடி இல்லங்க.

— பின்ன எப்புடி? நீ எங்க தங்குற, நெசத்தச் சொல்லு.

— டீச்சர் வீட்டுல.

— பாத்தியா.

— வீரய்யா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அவவை ஒருத்தரும் ஒதுக்கேல்லை. அவ தனிச்சுப் போனா, அதுதான் என்னோட இருக்கச் சொன்னனான். நீங்கள் நாளைக்கு ஒத்துக்கொள்ளுங்கோ. வெளியில வந்தால் மிச்சத்தை ஆறுதலாக் கதைக்கலாம்.

— என்னா சொன்னீங்க?

— ஒத்துக்கொள்ளச் சொன்னனான்.

— நீங்களா டீச்சர் இதச் சொல்றீங்க? போன வாட்டி இதே எடத்துல நின்னுக்கிட்டு, வீரய்யா, செய்யாத குற்றத்தை ஒத்துக்கொள்ளாதேங்கோ, நான் கோட்டுக்கு வந்து சாட்சி சொல்லுவன், உண்மை ரசாயனத்தில எழுதியிருக்குன்னு சொன்னது நீங்கதானே? அந்த வார்த்தய வச்சுக்கிட்டுத்தானே நான் உள்ள ராத்திரி தூங்குறேன். ஒத்துக்கிட்டுப் போயிருன்னு பொலிஸ் சொன்னான், போவட்டும். லோயர் சொன்னாரு, போவட்டும். நீங்களுமா?

— அண்டைக்கு நான் சொன்னது அண்டையான் நிலைமைக்கு, வீரய்யா.

— நெலம மாறுனா எறா ஓடு போதைத் தூளா மாறிருமா?

— மாறாது. ஒருக்காலும் மாறாது. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் இப்ப குணமணிக்கு நீங்கள் வேணும்.

— அவளுக்கு நான் எப்புடி வேணும்? தலயக் குனிஞ்சுக்கிட்டு வாற புருசனா? கேட்டுக்கங்க ரெண்டு பேரும். நான் நாளைக்கு ஆமான்னு சொல்லிட்டா அது குடு. அது குடுன்னா, பீப்பாயில போட்டதும் குடுதான். பதினாறு காம்பரா சனத்துக்கும், கீர்த்திகன் மாதிரி சின்னதுகளுக்கும் நான் தண்ணியில போதையக் கலக்கிக் குடுத்தவன். பெத்த தாயி தூக்கிக் குடுத்த புள்ளைக்கு நஞ்சு வச்சவன் மாதிரி. சொந்தப் பாவனைக்குன்னு லோயர் கோட்டுல சொல்லலாம். லயத்துல சொல்ல முடியுமா? வீட்டுக்குப் போகணுங்குறதுக்காக ஒத்துக்கிட்டா, அப்பறம் போறதுக்கு எனக்கு வீடு இல்ல. இது ஏன் உங்களுக்கு வெளங்க மாட்டேங்குது?

— ஏங்க, எனக்காக ஒரு வாட்டி. வேற யாரயும் நெனைக்காதீங்க.

— யாரயும் நெனைக்காம எப்புடி? நம்ம அங்கதானே பொறந்தோம், அங்கதானே இருக்கப் போறோம். அங்க ஒரு சாவு விழுந்தா நான் தப்படிக்கிற எடத்துல போயி நிக்கணும், ஒரு கல்யாணம்னா பந்தியில ஒக்காரணும். இவன் பக்கத்துல ஒக்காராதன்னு ஒரு பொம்பள புள்ளையப் புடிச்சு இழுத்தான்னு வையி, அன்னைக்கே செத்துருவேன். உனக்குத் தனியா இருக்குறது பயம்னா அமராவதி அக்காகிட்ட போயி கெஞ்சு. பேரன் காலக் காட்டி, இது எந்தத் தண்ணியில ஆறுச்சுன்னு கேளு. அதுக்கு மனசு எளகும். வாயிதான் அப்புடி.

— கேக்க முடியாதுங்க.

— ரோசமா?

— இல்லங்க. முடியாதுங்க.

— அப்ப நான் வந்து கேட்டுக்குறேன். ரிப்போட்டு வரட்டும். வந்ததும் அத கையில வச்சுக்கிட்டு நேரா காலையில வேலைக்குப் பேரு போடுற பெரட்டுக் களத்துக்குப் போவேன். சனம் பூரா நிக்கும். செல்வநாயகம் அவன் வாயால சொல்லணும், வீரய்யா போட்டது எறா ஓடு, அவன் நம்ம தண்ணியச் சுத்தம் பண்ணத்தான் பாத்தான்னு. வேற ஒண்ணும் எனக்கு வேணாம். மன்னிப்புக் கூட வேணாம். அந்த ஒரு வார்த்தைய அவன் வாயில இருந்து கேக்குறதுக்காகத்தான் இங்க கெடக்குறேன். எத்தன மாசம் ஆனாலும் கெடப்பேன்.

— குணமணி, நீங்கள் சொல்லாட்டில் நான் சொல்லப் போறன். இவருக்கு இப்பிடி ஒளிக்கிறது சரியில்லை.

— வேணாம் டீச்சர். வாசல்ல என்னா பேசிட்டு வந்தோம்? உள்ள தனியா, கை புடிச்சு அழ ஆளில்லாம கெடக்குறவருகிட்ட வேணாம்னுதானே.

— ரெண்டு பேரும் என்னா குசுகுசுக்குறீங்க? என்னாத்த ஒளிக்கிறீங்க?

— ஒண்ணும் இல்லங்க. அந்த சார் மணியப் பாக்குறாரு. நேரம் முடியுது. ஆமான்னு சொல்றேன்னு மட்டும் சொல்லிட்டு போங்க.

— செல்வநாயகம் உன்னய என்னமோ பண்ணிருக்கான். அதத்தான் மறைக்கிறீங்க. அன்னைக்கி பொலிஸ் நம்ம காம்பராவச் சோதிச்சப்ப லயத்துச் சனத்த எல்லாம் கூட்டி வச்சு என்னா சொன்னான்? இவன் நம்ம புள்ளைங்கள அடிமையாக்கத்தான் தண்ணியில தூளப் போட்டான்னு சொன்னான். கராஜுக்கு மலைய வெட்டுனப்ப எவன் கையெழுத்துப் போட்டுக் குடுத்தான்? அவன்தான். மேல மலைய வெட்டி, அடியில கான் அடச்சு, தண்ணி பூரா லயத்துப் பக்கம் தேங்கி நிக்கிது, இது ஒரு நாளைக்கு நல்லதுக்கு இல்லன்னு அப்பயே நான் சொன்னேன். அதுல வந்த வஞ்சம் எம்மேல. தலைவருன்னு நாமதானே கைதட்டி வச்சோம். இப்ப பீப்பாயத் தூக்கி எறிஞ்சுட்டு, பொம்பளைய வீட்ட விட்டு வெரட்டிட்டு, ஒண்ணுந் தெரியாதவன் மாதிரி இருக்கானாக்கும். அவன் வாயில மண்ணு விழ.

— அப்புடிச் சொல்லாதீங்க.

— சொல்லுவேன். நூறு வாட்டி சொல்லுவேன். எம்பேரக் கெடுத்த வாயில மண்ணு விழ.

— விழுந்துருச்சுங்க. நான் லோயரப் பாக்க டவுனுக்கு வந்து, பஸ்ஸு இல்லாம டீச்சர் வீட்டுல தங்குன அன்னைக்கி விடியக்காலத்துல, கராஜோட சேந்து மலை எறங்கி நம்ம லயத்தயே மூடிருச்சு. செல்வநாயகம் அண்ணே, அமராவதி அக்கா, கீர்த்திகன், பதினாறு காம்பராவும் மண்ணுக்குள்ள கெடக்கு, பீலி இருந்த எடம் கூடத் தெரியல. நாளைக்கு ஆமான்னு சொல்லிருங்க. தோண்டி எடுத்து வரிசையா வைக்கிறாங்க, இது இன்னாரு இது இன்னாருன்னு அடையாளம் சொல்ல அந்த லயத்துல இனி நம்ம ரெண்டு பேருதாங்க மிச்சம்.